அப்பத்தாவின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் காலை எட்டு மணிக்குத் தொடக்கப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருபவர்களில் நரைத்த தலைகள் நிறையத் தெரியும். மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளர்வார்கள்.

"பெற்ற பிள்ளையைக் கூடவே வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பது சுலபம். லைன் வீட்டில் ஒரே அறை, பொதுக் கழிப்பறை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட்; காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தாலே காப்பகம் கட்டாயம் என்றது 2017-இல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம். காப்பகம் இருக்கிற கம்பெனியிலும் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை பள்ளி விட்டதும் எங்கே போகும்? ஊருக்குத்தான் பஸ் ஏற்றிவிட வேண்டியிருக்கிறது.

பொறுப்பு ஒருவரிடம், அதிகாரம் வேறொருவரிடம்

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்தக் கிழவிகளுக்குப் பெரிய ஆறுதல். விடியும் முன்பே அடுப்பு மூட்டும் வேலை மிச்சம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்தால் அதுவும் பெரும்பாலும் பேரனின் நோட்டுக்கும் தின்பண்டத்துக்கும் போய்விடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மகன் ஜிபேயில் பணம் அனுப்புகிறான். அது மளிகைக் கடைக்காரர் போனுக்குப் போகிறது. பற்றை வரவு வைத்துக்கொண்டு மிச்சத்தை அப்பத்தாவின் கையில் கொடுக்கிறார்.

சிக்கல் காகிதத்தில்தான் தொடங்குகிறது. ஆதாரில் ஐந்து வயதில் கைரேகையைப் பதிய வேண்டும், பதினைந்து வயதில் புதுப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு அப்பாவின் ஆவணம் தேவை. ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவரோ தையல் மிஷினில் தலை குனிந்திருப்பார். பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் "அப்பா அம்மா எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். வருடக்கணக்கில் சோறு ஊட்டிய பாட்டிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். சேட்டை செய்த பேரனுக்கு முதுகில் ஒன்று வைத்தால் ராத்திரி போன் வந்துவிடும். "எதுக்கு அத்தை புள்ளைய அடிச்சீங்க?" "அப்ப நீயே வந்து பாத்துக்க, தாயி." பேச்சு அதோடு நின்றுபோகும். பிறகு எதையும் கண்டிக்க அப்பத்தாவுக்குத் துணிவு வராது. அழுகையை நிறுத்த போனைக் கையில் கொடுத்துவிடுவார். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை யார் அவரிடம் சொல்வது?

ஜன்னல் திட்டில் ஓர் ஆபத்து

2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' அப்பத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த மாத்திரை அட்டை, கைக்கு எட்டும் ஜன்னல் திட்டில், கண்ணாடிக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவில் கிடக்கிறது. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை ஒன்றைக் குழந்தை விழுங்கினாலே ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பரண் மேல் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பஸ் ஏறும் முன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் பிள்ளையோடு சேர்த்துச் சிலவற்றையும் பாட்டியிடம் விட்டுச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிள்ளையைக் கவனிப்பவர் இவர்தான் என்று அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று பள்ளியிலும் அவர் கையிலும் இருக்கட்டும். சட்டப்படி காப்பாளர் ஆக நீதிமன்றம்தான் போக வேண்டும் என்றாலும், அன்றாடக் கேள்விகளுக்கு அந்தக் கடிதம் பதில் சொல்லும். பணம் அவர் கணக்குக்கே வரட்டும், அதில் அவருடைய மருந்துக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். பிள்ளையைக் கண்டித்தால் போனில் அவர் பக்கம் நில்லுங்கள். வளர்க்கச் சொன்னவர்கள் வளர்க்கும் உரிமையையும் கொடுத்தாக வேண்டும்.