முற்றத்தில் விறகடுப்பு, வீட்டில் நோயாளி: கட்டும் முன் கருத வேண்டியவை

வீட்டின் பின்முற்றத்தில் செங்கல்லாலான பீட்சா அடுப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ள விரும்புவோர் நம்மிடையேயும் உள்ளனர். உற்றார் உறவினர் கூடிச் சுடச்சுடச் சமைத்துண்ணும் மகிழ்ச்சிக்கு அது வழி செய்கிறது. நெடுநாள் சிகிச்சைக்குப் பின் இல்லம் திரும்பியவருக்கு அத்தகைய மாலைப்பொழுது மனத்துக்கு இதமளிக்கவும் கூடும். ஆயினும் அவ்வீட்டில் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் ஆகியவற்றுள் ஒன்றுக்குச் சிகிச்சை பெறுபவர் இருப்பாராயின், அடுப்பின் அழகையும் செலவையும் எண்ணுவதற்கு முன்பு அவருடைய மூச்சை எண்ண வேண்டும்.

அடுப்பு இயங்கும் முறை

இவ்வடுப்பின் புகழ் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரோடு பிணைந்தது. அந்நகரத்துப் பீட்சா கைவினையை யுனெஸ்கோ 2017-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வெப்பம் தாங்கும் செங்கல்லால் அமைந்த வளைகூரை, விறகின் வெப்பத்தை உறிஞ்சிக் கீழ்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. அடுப்பின் தளம் 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அப்போது பீட்சா 60 முதல் 90 வினாடிகளில் வெந்துவிடும். ஆனால் அந்த வெப்பநிலையை எட்டுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விறகை எரிக்க நேரும். நோயாளியைப் பாதிப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு நேரத்துப் புகையே.

புகையில் இருப்பவை

விறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்கள் மிகுதியாக உள்ளன. இவை தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆதலால் நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்குகின்றன. ஒரு நாளின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார அமைப்பு 2021-இல் வரையறுத்தது. இவை மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். இதயத்துக்கும் சுமையைக் கூட்டும். துணி முகக்கவசம் இவற்றைத் தடுக்கப் போதாது.

புகையோடு வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைவது. ஆகவே, மூடிய கொட்டகையிலோ அடைத்த தாழ்வாரத்திலோ விறகடுப்பு எரிக்கவே கூடாது. அடுப்பருகே இருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று, 108-ஐ அழையுங்கள்.

எவ்வீட்டுக்கு ஏற்றதன்று?

வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவர், அண்மையில் மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், இன்ஹேலர் பயன்படுத்தியும் இருமல் அடங்காதவர் ஆகியோர் உள்ள இல்லங்களுக்கு விறகடுப்பு ஏற்றதன்று. ஆக்சிஜன் தானாகத் தீப்பற்றாது; ஆனால் தீயைப் பெருக்கும். ஆடையிலும் படுக்கையிலும் அது தேங்கி நிற்பதால் சிறு பொறியும் பேராபத்தாகும். ஆக்சிஜன் கருவி எவ்வகை நெருப்பிலிருந்தும் குறைந்தது 10 அடி விலகியிருத்தல் வேண்டும். இத்தகைய இல்லங்களுக்கு மின்சார அடுப்பே தக்கது.

இடமும் கட்டுமானமும்

• நோயாளியின் அறைச் சன்னலுக்கு எதிரிலோ, காற்று வந்து நுழையும் திசையிலோ அடுப்பை அமைக்காதீர்கள். இரண்டு மூன்று மாலைகள் ஊதுவத்தி ஏற்றிப் புகை செல்லும் திசையைக் கவனித்த பின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

• அடுப்பு வாயிலுக்கு நேர் மேலே உயரமான புகைபோக்கி அமையட்டும். அண்டை வீட்டிலும் நோயாளி இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

• செங்கல் அடுப்பின் எடை பல நூறு கிலோ. மொட்டை மாடியில் கட்டுவதாயின் கட்டடப் பொறியாளரின் ஒப்புதல் தேவை.

• செங்கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்தே அறுக்கச் சொல்லுங்கள். அந்நாட்களில் நோயாளி வேறிடத்தில் இருப்பது நலம்.

• புதிய அடுப்பை ஒரு வாரம் வரை சிறு தீயிட்டு, சிறிது சிறிதாக உலர்த்த வேண்டும். ஈரம் வற்றுமுன் பெருந்தீ மூட்டினால் வளைகூரை வெடிப்புறும்.

விறகும் நேரமும்

ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைந்த விறகே குறைவாகப் புகையும். நன்கு காய்ந்த சவுக்கு பொருத்தமானது. வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, வேதிப்பொருளில் ஊறவைத்த மரம் ஆகியவற்றை எரிக்காதீர்கள். அரளிக் கட்டையின் புகையும் நச்சுடையது.

தீ மூட்டும்போதும் தணல் அவியும்போதும் புகை மிகுதி. எனவே தொடக்கத்தில் சன்னல்களைச் சாத்தி நோயாளியை உள்ளே இருக்கச் செய்யுங்கள். கரி படிந்து கறுத்த வளைகூரை, வெப்பம் ஏறியதும் அக்கரி எரிந்து வெளுக்கும். அது வெளுத்து, சுடரும் தெளிந்த பிறகு, மருத்துவர் ஒப்பினால், காற்று அடுப்பை நோக்கிச் செல்லும் பக்கத்தில் தள்ளி அமர்ந்து அவரும் உணவில் பங்கேற்கலாம். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் அது அறவே இல்லை என்று பொருளாகாது. இருமல் தொடங்கினால் உடனே உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

தீக்காயத்துக்கு எதிராக

அடுப்பின் வெப்பம் மறுநாள் வரையிலும் நீடிக்கும், குழந்தைகளை நெருங்கவிடாதீர்கள். நீரிழிவினால் பாத உணர்வு குறைந்தவர்கள் செருப்பின்றி அடுப்பருகே நிற்றல் கூடாது. சிதறிய தணலை மிதித்தாலும் அவர்கள் உணரமாட்டார்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் இடுங்கள். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, வெண்ணெய் எதையும் தடவாதீர்கள்.

உணவும் கவனத்துக்குரியது. பீட்சாவின் பாலாடைக்கட்டியில் உப்பும் கொழுப்பும் மிகுதி. தக்காளியில் பொட்டாசியம் உண்டு. இதய, சிறுநீரக நோயாளிகள் உணவியலாளரிடம் அளவு கேட்டறிக.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, “வீட்டில் விறகடுப்பு கட்ட எண்ணுகிறோம்” என்று அவரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் நோயாளியிடமும் தனியே கேளுங்கள். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குத் தாம் தடையாகிவிடுவோமோ என்று அஞ்சிப் பலர் தம் மூச்சுத்திணறலை மறைத்துவிடுகின்றனர். அவர் தயங்காமல் “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய வீட்டில்தான் எந்த அடுப்பும் பாதுகாப்பானது.