ஸஹர் நேரத்தில் கேஸ் வாடை வந்தால்

ஸஹருக்கு எழுந்து இருட்டில் அடுப்படிக்குள் நுழையும் தாய்மார்களின் கை முதலில் போவது லைட் சுவிட்சுக்குத்தான். கேஸ் வாடை லேசாக அடித்தாலும் அந்தக் கையை நிறுத்துங்கள். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு தீப்பொறி எழும். எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். ஏற்கெனவே எரிகிற லைட் எரியட்டும்.

அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே ஜன்னல் மட்டும் போதாது. வாசற்கதவும் திறக்க வேண்டும். நேரமாகிறதே என்று அவசரப்பட்டு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அன்றைய ஸஹருக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும்.

வாடை முழுவதும் போன பிறகு, அடுப்புத் திருகுகளை மூடியபடியே வைத்து, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ரப்பர் டியூபின் இரு முனைகளிலும் திருகுகளைச் சுற்றியும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை கொப்பளிக்கும் இடத்தில்தான் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு, அதை விட்டுவிடுங்கள். கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

மூடிய பிறகும் வாடை குறையவில்லையா? பிள்ளைகளுடன் வெளியேறி, வெளியில் நின்று 1906-க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.