இலவச வழக்கறிஞருக்குச் சட்ட நூலகத்தின் சாவி

கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டவர்மீது, சட்டம் குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், அவருக்கு ஜாமீன் பெறும் உரிமை பிறந்துவிடுகிறது. சில குற்றங்களுக்கு 60 நாள், கடுமையான குற்றங்களுக்கு 90 நாள். நீதிமன்ற வளாகங்களில் இதை ‘டிஃபால்ட் பெயில்’ என்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கெடு முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள் கேட்டுவிட வேண்டும். எழுத்து மூலம் மனு போட வேண்டியதில்லை, வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை அறிந்த வழக்கறிஞர் அந்த நிமிடமே எழுந்து நின்று கேட்பார். அறியாதவர் மனு தட்டச்சு செய்ய வெளியே போவார். அவர் திரும்பி வருவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், கைதியின் உரிமை போனது போனதுதான்.

வசதி உள்ளவர் இந்தத் தீர்ப்பெல்லாம் விரல் நுனியில் இருக்கும் சீனியரை அமர்த்திக்கொள்வார். இல்லாதவருக்கு அரசே ஒரு வழக்கறிஞரைத் தருகிறது. 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1978-இல் ஹோஸ்காட் வழக்கில், கைதிக்கு வழக்கறிஞர் கிடைப்பது நியாயமான நடைமுறையின் பகுதி என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அழுத்தமாகச் சொன்னார். 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது.

2010-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த ஒழுங்குமுறைகளின் தலைப்பிலேயே, சேவை இலவசமாக மட்டும் அல்ல, திறமையானதாகவும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இலவசம் நடைமுறைக்கு வந்துவிட்டது. திறமைக்கு வேண்டிய கருவிகளைத் தருவதில்தான் நாம் பின்தங்கி இருக்கிறோம்.

மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கு இதற்கு வேதனையான சான்று. 2013-இல் ஒரு சிறுமியின் கொலை வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட அனோகிலாலுக்காக நியமிக்கப்பட்ட சட்ட உதவி வழக்கறிஞர் ஆஜராகவில்லை. நீதிமன்றம் உடனே இன்னொருவரை நியமித்தது. அதே நாளில் குற்றச்சாட்டும் பதிவானது. இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கறிஞர் எந்தத் தீர்ப்பைத் தேடியிருக்க முடியும், யாரிடம் கலந்து பேசியிருக்க முடியும்? 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில், தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் தருவது பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னது.

ஏழு நாள் கிடைத்தாலும் அந்த நாட்களில் எதைப் படிப்பது? ஒரு காலத்தில் பதில் சுலபம். பார் அசோசியேஷன் நூலகத்தில் ‘ஏஐஆர்’ தீர்ப்புத் தொகுதிகளும், 1891-இல் சென்னையில் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தொகுதிகளும் அலமாரியில் இருக்கும். இப்போது தேடல் திரைக்கு வந்துவிட்டது. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற தரவுத்தளங்கள் சந்தா கட்டியவருக்கு மட்டுமே திறக்கின்றன. பெரிய சட்ட நிறுவனங்களுக்கு அது வழக்கமான செலவு. ஒரு வட்டத் தலைநகரில் சட்ட உதவி வழக்குகளைக் குறைந்த கட்டணத்துக்கு நடத்துபவருக்கு அது பெரும் சுமை.

தீர்ப்பு என்பது பொதுச்சொத்து. ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடர்ந்த வழக்கில், தீர்ப்பின் மூல வாசகத்துக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. பதிப்பாசிரியர் எழுதும் சுருக்கக் குறிப்பு (ஹெட்நோட்) போன்ற உழைப்புக்கே பாதுகாப்பு. அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், சுஷாந்த் சின்ஹா என்ற பொறியாளர் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ தேடுபொறி, லட்சக்கணக்கான தீர்ப்புகளை யாரும் இலவசமாகத் தேடிப் படிக்க வழி செய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் சுமார் 34,000 தீர்ப்புகளுடன் ‘இ-எஸ்சிஆர்’ தளத்தைத் திறந்தது. இரண்டும் மகத்தான பணிகள்.

ஆனால் தீர்ப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது இன்றும் செல்லுமா, பெரிய அமர்வு எதுவும் அதை மாற்றிவிட்டதா, புதிய சட்டத்தில் பிரிவு எண் என்ன என்பதெல்லாம் தெரிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 479-ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால், நீதிமன்றம் அவரைப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இந்தச் சலுகை பழைய வழக்குகளுக்கும் உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த உத்தரவு எட்டாத வழக்கறிஞரின் கட்சிக்காரர் உள்ளேயே கிடப்பார்.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் தொடங்கிய ‘ப்ரோபோனோ நெட்’, ஏழைகளுக்காக வாதாடுபவர்களுக்கென உறுப்பினர் மட்டும் நுழையும் இணைய நூலகங்களை நடத்துகிறது. மாதிரி மனுக்களும் பயிற்சிப் பாடங்களும் அங்கே இருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்ட உதவி அமைப்பு, தன் ஆராய்ச்சிப் பிரிவு தயாரித்த சட்டக் குறிப்புகளைத் தன்னிடம் பதிவுசெய்த வழக்கறிஞர்களுக்குக் கடவுச்சொல்லுடன் தந்தது.

நமக்கும் அப்படி ஒரு நூலகம் வேண்டும். ஏழைகளுக்கான நூலகத்துக்கு ஏன் பூட்டு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருத்துவச் சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது, போலீஸ் மகஜரில் எந்த இடத்தைச் சோதிப்பது என்ற குறிப்புகள் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால் பயன் இழந்துவிடும். சந்தா கட்டி வாங்கும் நூல்களையும் ஊருக்கெல்லாம் திறக்க முடியாது. அவற்றுக்குப் பூட்டு சரி. சட்டம், தீர்ப்பு, மக்களுக்கான வழிகாட்டி ஆகியவற்றுக்குப் பூட்டுப் போடுவது தவறு.

பூட்டு இருந்தால் சாவி உரியவருக்குச் சுலபமாகக் கிடைக்க வேண்டும். பார் கவுன்சில் பதிவு எண்ணும் ஆணைக்குழுவின் நியமன ஆணையும் போதும். நியமனம் ஆகும் அன்றே உள்நுழைவு கிடைக்கட்டும். ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் அவரது காலம் முடிந்தாலும், கையில் இருக்கும் வழக்கு முடியும்வரை அது வேலை செய்யட்டும். நூலகம் சாதாரண செல்போனில் திறக்கட்டும்.

தமிழிலும் இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் வருகின்றன. ஜீவனாம்சத்தை மனு செய்த நாளிலிருந்தே வழங்க வேண்டும், இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாகவும் மாதிரி மனுவாகவும் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் ஒவ்வொரு வழக்கறிஞருக்கும் கொடுத்தால், கைவிடப்பட்ட எத்தனையோ பெண்களின் பல மாத ஜீவனாம்சம் கைநழுவாது.

தேசிய ஆணைக்குழுவும் மாநில ஆணைக்குழுக்களும் கூட்டாகப் பேசினால் தரவுத்தளச் சந்தாவைக் குறைந்த விலைக்குப் பெற முடியும். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் அனுபவமுள்ள சீனியர்களும் குறிப்புகள் எழுதித் தர முன்வர வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இலவச சட்ட உதவி தேவைப்பட்டால், 15100 என்ற எண்ணை அழையுங்கள். வழக்கறிஞர் நியமிக்கப்பட்டதும் அவர் வழக்கைப் படிக்க அவகாசம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.