பழைய மோட்டார் இல்லத்தைக் குளிர்வித்தல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளிலே செல்வோர் அடிக்கடி காணும் ஊர்தியொன்று உண்டு. வெளித்தோற்றத்தில் அது பஸ் வண்டியை ஒத்திருக்கும். உள்ளேயோ படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அமைந்திருக்கும். மோட்டார் இல்லம் என்று அதனைக் கூறலாம். அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966ஆம் ஆண்டிலே இதனைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கியபின், நடுத்தர வருவாயுடைய குடும்பங்களுக்கும் இது எட்டக்கூடிய பொருளாயிற்று. அன்று உல்லாசப் பயணத்துக்கென வாங்கப்பட்ட இத்தகைய வண்டிகள் பல, இன்று முப்பது நாற்பது ஆண்டு முதுமையெய்தி, ஓய்வூதியக்காரருக்கும் வீட்டு வாடகை கொடுக்க இயலாதாருக்கும் நிலையான உறைவிடமாகிவிட்டன.

இங்கேதான் குளிரூட்டி பற்றிய வினா எழுகின்றது. அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலே 2023ஆம் ஆண்டு யூன் இறுதி தொடங்கி 31 நாட்கள் தொடர்ந்து, பகல் வெப்பம் 43 பாகை செல்சியசை எட்டியது. அந்நகரை உள்ளடக்கிய மரிக்கோபா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்தால் இறந்தோர் 645 பேர். வீட்டினுள்ளேயே இறந்தவர்களுள் பலரிடம் குளிரூட்டி இருந்தது. ஆனால் அது இயங்கவில்லை. ஆகவே பழைய ஊர்தியின் குளிரூட்டியைச் செம்மைப்படுத்துவது சொகுசு பற்றிய பேச்சு மட்டுமன்று.

இவ்வூர்திகளின் கூரைமேல் ஒரு பெட்டி அமர்ந்திருக்கும். அதன் ஆற்றல் பெரும்பாலும் மணிக்கு 13,500 அல்லது 15,000 பிரித்தானிய வெப்ப அலகு எனக் குறிக்கப்படும். முதலாவது அளவை வாற்றிலே சொன்னால் ஏறத்தாழ 3,950 ஆகும். அதாவது, பெட்டி நல்ல நிலையில் இருந்தால் ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் நான்கு சேர்ந்து வெளிவிடும் வெப்பத்தை உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளவல்லது. இனி வரும் வெப்பத்தைக் கணக்கிடுவோம். உச்சி வெயில் தன்னை நேர்நோக்கும் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 1,000 வாற்று பொழிகின்றது. எட்டு மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமுமுள்ள கூரையின்மேல் விழுவது 20,000 வாற்று. அதில் ஒரு சிறு பங்கே உள்ளே புகுந்தாலும் பெட்டியின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே செலவாகும். முகப்புக் கண்ணாடியோ இன்னும் கொடியது. வெயிலை நோக்கி நிற்கும் இரண்டு சதுர மீற்றர் கண்ணாடி வழியாக ஒரு கிலோவாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் தடையின்றி உட்புகும்.

ஆதலின், பெட்டியைத் தொடுமுன் வெயிலைத் தடுப்பதே முறை. திரையைக் கண்ணாடிக்கு உட்புறத்திலே தொங்கவிடுதல் பாதிப் பயனே தரும். கண்ணாடியைக் கடந்து வந்த வெயில் திரையைச் சுட, திரை அறையைச் சுடும். வெளிப்புறத்தே போர்த்தும் துணி, வெயிலைக் கண்ணாடிக்கு அப்பாலேயே நிறுத்திவிடுகின்றது. கூரையிலுள்ள வளித்துவாரங்களின் மெல்லிய பிளாத்திக்கு மூடிகள் வழியாகவும் வெப்பம் இறங்கும். அவற்றினுள்ளே தடித்த பஞ்சுமெத்தைத் துண்டொன்றைச் செருகிவிட்டாற் போதும்; செலவு மிகச் சிறிது. கூரைக்கு வெள்ளைப் பூச்சுப் பூசுதல், பெரிய யன்னல்கள் மேற்கு நோக்காதவாறு வண்டியை நிறுத்துதல், பக்கத்துப் பந்தலை விரித்துச் சுவருக்கு நிழல் தருதல் ஆகியனவும் இவ்வகையினவே.

அடுத்துப் பெட்டிக்கு வருவோம். குளிர் போதவில்லை என்றவுடன் “வாயு குறைந்துவிட்டது” என்று சொல்லுதல் வழக்கமாகிவிட்டது. கூரைப்பெட்டியின் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து அடைக்கப்பட்டவை. வாயு நிரப்புவதற்குரிய வாயிலே அவற்றிற் பெரும்பாலும் இல்லை. குற்றம் வேறிடத்தில் இருப்பதே மிகுதி. அதனைக் கண்டறிய இரண்டு சிறு வெப்பமானிகள் போதும். இருபது நிமிடம் இயக்கியபின், பெட்டி வளியை உறிஞ்சும் இடத்தில் ஒன்றையும், மிக அருகிலுள்ள குளிர்வாயிலில் மற்றொன்றையும் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டிற்கும் இடையே 9 முதல் 12 பாகை செல்சியஸ் வேறுபாடு இருப்பின் பெட்டி தன் கடமையைச் செய்கின்றது எனலாம். ஈரப்பதன் மிகுந்த நாளில் இவ்வேறுபாடு சற்றுக் குறையும். அந்நாளில் பெட்டியின் உழைப்பில் ஒரு பங்கு நீராவியை நீராக்குவதிலே செலவாகின்றது. வெளிவெப்பத்தைவிட இத்தனை பாகைதான் உள்ளே குறைக்கமுடியும் என்று இவ்வளவைப் பலர் பிழையாகப் பொருள்கொள்வர். உறிஞ்சும் வளிக்கும் விடும் வளிக்கும் உள்ள வேறுபாடே அது. வெயிலைத் தடுத்தவர் அதே பெட்டியைக் கொண்டு அறையை இன்னும் குளிராக வைத்திருக்கலாம்.

வேறுபாடு குறைவாயின் சுருள்களைப் பார்க்கவேண்டும். உட்சுருளின் முன்னுள்ள வடிதட்டு தூசியால் அடைபட்டிருக்கும். அதைக் கழுவ ஐந்து நிமிடம் ஆகும். கூரைமேலுள்ள வெளிச்சுருளிலோ ஆண்டுக்கணக்கில் மண்ணும் இலையும் பூச்சிகளும் படிந்திருக்கும். மின்தொடுப்பை முற்றாக நீக்கி, மேல்மூடியைக் கழற்றி, நீரை மெதுவாக விட்டுக் கழுவவேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து வளியின் வழியை அடைத்துவிடும். உள்ளிருக்கும் மின்தேக்கி, மின்னை நிறுத்திய பின்னும் அதிர்ச்சி தரவல்லது. பழக்கமில்லாதார் அதனைத் தொடலாகாது.

வேறுபாடு நன்றாயிருந்தும் தொலைவிலுள்ள படுக்கையறை வெதும்புமாயின், குற்றம் வளி செல்லும் வழியிலே உள்ளது. கூரையில் 14 அங்குலச் சதுரத் துவாரமொன்றின் மீதே பெட்டி அமர்ந்துள்ளது. சூடான வளி மேலேறுவதும் குளிர்ந்த வளி கீழிறங்குவதும் அவ்வொரு துவாரத்தின் வழியாகவே. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய தடுப்பும் அதன் விளிம்பில் ஒட்டிய நாடாவுமாம். ஆண்டுகள் செல்ல நாடா காய்ந்து உரிந்துவிடும். அப்போது குளிர்ந்த வளி அறைக்கு வராமல் உறிஞ்சும் வாய்க்கே திரும்பிச் செல்லும். பெட்டி தான் குளிர்வித்த வளியையே மீண்டும் குளிர்விக்க, உட்சுருளில் பனி படிந்து வளியோட்டமே நின்றுபோதலும் உண்டு. வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி அங்கேயே அமைந்திருப்பின், அறை குளிர்ந்துவிட்டது என மயங்கிப் பெட்டியை நிறுத்திவிடும். ஒரு பகுதி வளி கூரையின் இடைவெளிகளிலே வீணாகும். மூடியைக் கழற்றி, இணைப்புகள் யாவற்றையும் அலுமினியத்தாள் நாடாவினால் இறுக்கமாக ஒட்டினால் இக்குறை தீரும். துணிநாடா சிலகாலத்தில் கழன்றுவிடும். பழைய வண்டிகளிலே இவ்வொரு பிற்பகல் வேலை தரும் பயனைப் புதிய பெட்டியும் தராது என்பது என் கருத்து. ஒழுக்கு அப்படியே இருக்கப் புதிதை வாங்கினால், அதன் குளிரும் அதே வழியிற் போகும். பெட்டி உண்மையிலேயே பழுதாகிவிட்டால் கவலையில்லை. 14 அங்குலத் துவாரம் பொது அளவாகிவிட்டதால் புதியன பெரும்பாலும் பழைய இடத்திலேயே பொருந்தும்.

மின்சாரம் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பழைய வண்டிகள் பல 120 வோல்ற்றில் 30 அம்பியர், அதாவது 3,600 வாற்றே பெறவல்லவை. கடும் வெயிலில் ஒரு பெட்டியே 13 அம்பியரளவு கொள்ளும். நீர்ச்சூடாக்கியும் நுண்ணலை அடுப்பும் சேர்ந்தால் காவல்சாவி விழுந்துவிடும். முகாமில் எல்லோரும் ஒருங்கே குளிரூட்டியை இயக்கும் பிற்பகலில் மின்னழுத்தம் தாழும். தாழ்ந்த அழுத்தத்தில் அமுக்கி மிகுந்த மின்னோட்டத்தைக் கொண்டு சூடேறி எரிந்துபோகலாம். 105 வோல்ற்றளவுக்கு இறங்குமாயின் நிறுத்திவிடுவதே நன்று. மின்பிறப்பாக்கியைக் கொண்டு இயக்குவோர் அதன் புகை உட்புகாதவாறு பார்த்தலும், காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியைச் சோதித்தலும் இன்றியமையாதவை. அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

சாரதியின் முன்னுள்ள குளிரூட்டி வேறு வகையினது. இயந்திரத்தால் இயங்கும் இது முழு இல்லத்தையும் குளிர்விக்க ஒருபோதும் போதாது; ஆசனங்களின் பின்னே கனத்த திரையொன்று கட்டினால் சாரதிக்காவது பயன்படும். 1990களின் தொடக்கம்வரை செய்யப்பட்டவற்றில் ஓசோன் படையை அழிக்கும் ஆர்-12 என்னும் வாயு இருந்தது. 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் வழியாக, 1995 இறுதியுடன் அமெரிக்காவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆர்-134ஏ என்பதற்கு மாற்றுவதாயின் எண்ணெயையும் மாற்றவேண்டும். பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவுடன் கலவாது.

இவையனைத்தும் செய்தபின்னும் காலை எட்டு மணிக்கே குளிரூட்டியை இயக்கிவிடுதல் நன்று. சுவரும் மெத்தையும் அலுமாரியும் சூடேறிய பின்னர் பிற்பகலில் அவற்றைக் குளிர்விப்பது பெரும்பாடு. மின்சாரம் நின்றுபோனால், மெல்லிய சுவர்களையுடைய இவ்வில்லம் விரைவிலேயே அடுப்பாகிவிடும். முதியவரொருவர் தனித்து வாழும் வண்டியாயின், சுவரில் ஒரு வெப்பமானியும், அருகிலுள்ள குளிரூட்டிய நூல்நிலையத்துக்கோ அயலார் வீட்டுக்கோ செல்லும் ஏற்பாடும் கோடை தொடங்குமுன்னரே இருத்தல் வேண்டும்.