அல்வால் மாணவருக்கு 'ஏ.சி. கார்ட்ஸ்' சொல்லும் பாடம்

புது தில்லி: கருப்பின மக்களின் வரலாற்றை இந்தியப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டுமா? 'அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு?' என்று கேட்போர் உண்டு. ஹைதராபாதின் வடபகுதியான அல்வாலில் இருந்து மாநகரப் பேருந்தில் தெற்கே சென்றால் அதற்குப் பதில் கிடைக்கும்.

மாசாப் டேங்க் அருகே 'ஏ.சி. கார்ட்ஸ்' என்றொரு குடியிருப்பு உள்ளது. அந்த இரண்டு எழுத்துகளின் விரிவு, 'ஆப்பிரிக்கக் குதிரைப்படை' என்பதாகும். வனபர்த்தி சமஸ்தானத்தில் இருந்து 19-ஆம் நூற்றாண்டில் நிஜாமின் பணிக்கு வந்த ஆப்பிரிக்கர்களைக் கொண்டு உருவான காவல்படை அது. 1948-இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பின்னர் அப்படை கலைக்கப்பட்டது. சித்திகள் எனப்படும் அவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். நகரின் திருமண ஊர்வலங்களில் முழங்கும் 'மர்ஃபா' இசை, அவர்களும் யேமன் அரபியரும் தந்த கொடை.

அடிமையாக வந்தவர் ஆட்சியாளரானார்

தக்காணத்தில் ஆப்பிரிக்கர்களின் வரலாறு இதைவிடப் பழையது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு இந்தியா வந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசை நடத்திச் செல்லும் நிலைக்கு உயர்ந்தார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் படைகளை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். பின்னாளில் ஔரங்காபாத் எனப் பெயர் பெற்ற நகரை 1610-இல் நிறுவியவரும் அவரே.

இத்தகைய வரலாற்றை ஒரு மாணவர் அறிந்திருந்தால், ஆப்பிரிக்கரை அந்நியராக மட்டும் பார்க்க மாட்டார்.

நீக்கப்பட்ட பாடம்

தில்லியில் எடுக்கப்படும் பாடநூல் முடிவுகள் அல்வாலில் உள்ள மத்திய பாடத்திட்டப் பள்ளிகளையும் சென்றடைகின்றன. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அரசியல் நூலில் 'ஜனநாயகமும் பன்முகத்தன்மையும்' என்ற பாடம் இருந்தது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் பதக்க மேடையில் நின்று கையுறை அணிந்த கையை உயர்த்திய அமெரிக்கக் கருப்பின வீரர்கள் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் ஆகியோரின் கதையுடன் அப்பாடம் தொடங்கியது. அவர்களுக்கு ஆதரவாக மனித உரிமைச் சின்னம் அணிந்து நின்ற ஆஸ்திரேலியாவின் வெள்ளையின வீரர் பீட்டர் நார்மனும் அதில் இடம்பெற்றார்.

சமூக வேறுபாடுகளை அரசியல் எவ்வாறு கையாள வேண்டும் என்பதை மாணவர் விவாதிக்க வழிசெய்த அப்பாடம், 2022-இல் பாடச்சுமையைக் குறைக்கும் நடவடிக்கையில் நீக்கப்பட்டது.

சுமை குறைந்தது உண்மை. ஆனால், வகுப்பறையில் விவாதிக்கப்படாதது வெளியே வேறு உருவில் வெளிப்படுகிறது.

மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு இருமுறை டி-20 உலகக் கோப்பையை வென்று தந்த டேரன் சாமி, ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காக ஆடியபோது தன்னை 'காலு' என்று அழைத்ததாக 2020-இல் தெரிவித்தார். வலிமையான குதிரை என்று பொருள் கொண்டிருந்த தனக்கு, நிறத்தைக் குறிக்கும் சொல் அது என்பது பின்னரே தெரிந்ததாக வருந்தினார். அன்பினால் அவ்வாறு அழைத்ததாகச் சக வீரர் ஒருவர் விளக்கியதை அவர் பின்னர் ஏற்றுக்கொண்டார். அன்போடு சொன்னாலும் காயப்படுத்தும் சொல் உண்டு என்பதே இதில் உள்ள பாடம்.

தமிழகமும் இதற்கு விலக்கல்ல. நிறத்திற்காகச் சிறுவயது முதல் கேலிகளைச் சந்தித்ததாக நம் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த் 2017-இல் வெளிப்படையாக எழுதினார். 'கருப்பே அழகு' என்று பேசும் நாட்டில்தான் சிவப்பழகு கிரீம்களும் விற்கின்றன.

தலைநகரின் அனுபவம்

தில்லியில் 2014 ஜனவரியில் தாக்கப்பட்ட அருணாசல பிரதேச மாணவர் நிடோ தானியம் உயிரிழந்தார். 2016 மே மாதம் வசந்த் குஞ்ச் பகுதியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் தாக்கியது. ஆப்பிரிக்கத் தூதர்கள் அதை இனவெறி என்றே கண்டித்தனர்.

நிடோ மரணத்தை அடுத்து மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, சட்டத் திருத்தத்துடன் நிற்கவில்லை. வடகிழக்கு மாநிலங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் பாடத்தில் சேர்க்குமாறும் பரிந்துரைத்தது. தண்டனை குற்றத்திற்குப் பின் வருவது. கல்வி அதற்கு முன் வருவது. வடகிழக்கு மக்களுக்குப் பொருந்தும் இந்த நியாயம் சித்திகளுக்கும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் பொருந்தாதா?

தில்லி முடிவெடுக்கும் வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கார்ட்டர் வுட்சன் என்ற கருப்பின வரலாற்றாசிரியர் 1926-இல் ஒரேயொரு வாரத்தை ஒதுக்கித் தொடங்கிய முயற்சிதான், 1976-இல் 'கருப்பின வரலாற்று மாதம்' என்று அரசின் அங்கீகாரம் பெற்றது. அல்வால் பள்ளி ஒன்று மாணவர்களை ஒருநாள் ஏ.சி. கார்ட்ஸுக்கு அழைத்துச் செல்லலாம். காட்சிப்பொருளைப் பார்ப்பது போலன்றி, அங்குள்ள முதியவர்களிடம் மரியாதையுடன் கேட்டு எழுதி வரச் சொல்லலாம்.

பாடநூலில் பக்கம் குறையலாம். ஊரின் பெயரில் எழுதப்பட்ட வரலாற்றை எந்தக் குழுவாலும் நீக்க இயலாது. அதை வாசிக்கக் கற்றுத்தருவதே பள்ளியின் கடமை.