டயர் மினுக்கினால் போதுமா?

வாட்டர் சர்வீஸில் வண்டியைத் துடைத்து முடித்ததும் கடைசியாக ஒரு வேலை நடக்கும். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் ஏதோ ஒரு திரவம். அதில் ஸ்பாஞ்சை முக்கி, பையன் சக்கரத்தைச் சுற்றி ஒரு இழுப்பு இழுப்பான். ஸ்பாஞ்சில் மிச்சமிருப்பதைச் சாலையில் படும் பட்டன் மேலேயும் தேய்த்துவிடுவான். டயர் கருகருவென்று ஆகிவிடும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் என்றால் வரிசையில் நிற்கும் அத்தனை வண்டிக்கும் இதே மரியாதைதான். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். பால் போல வெள்ளையாக இருந்தால் தண்ணீரில் சிலிக்கான் கலந்த பாலிஷ். தெளிவாக, பிசுபிசுப்பாக, பெட்ரோலிய வாடை அடித்தால் கரைப்பானில் கலந்த பாலிஷ். இரண்டும் இல்லையென்றால் டீசல் அல்லது வடித்தெடுத்த பழைய ஆயில். சிலிக்கான் டயரைத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. சிலிக்கான் எண்ணெய் ரப்பரோடு வம்புக்குப் போகாத பொருள். கெடுதல் செய்வது கரைப்பானும் டீசலும்தான். ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பும், இளகும். வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெடிப்பு விடாமலிருக்க டயர் ரப்பரில் மெழுகும் காப்பு ரசாயனமும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். அவை உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேலே வந்து காவல் நிற்கும். பக்கச் சுவரில் படியும் பழுப்பு நிறத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். கரைப்பானை அடிக்கடி பூசினால் அந்தக் காப்பு சீக்கிரம் தீரும். ஆகவே வெள்ளைப் பாலிஷையே வாங்குங்கள். மினுக்கு சற்றுக் குறைவு. என் கண்ணுக்கு அந்த மங்கிய கருமைதான் புது டயர் போலத் தெரிகிறது.

எது வெகுநாள் நிற்கும் என்பதைப் பாட்டில் பாதிதான் தீர்மானிக்கிறது. மீதி, கழுவுவதில் இருக்கிறது. பழைய பாலிஷும் பழுப்பும் அழுக்கும் இருக்கும் டயர் மேல் எவ்வளவு விலை உயர்ந்ததைத் தடவினாலும் முதல் மழையில் வழிந்துவிடும். நிழலில், டயர் ஆறிய பிறகு, டயர் கிளீனரோ ஷாம்பூவோ போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை முதலில் பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை நிறுத்த வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. அதிகமாக இருப்பதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். லேபிளில் சொன்ன நேரம் வரை வண்டியை நகர்த்தாதீர்கள். அவசரப்பட்டால் சக்கரம் சுற்றும்போது எண்ணெய் தெறித்துக் கதவோரமெல்லாம் கரும்புள்ளிதான்.

வெளுத்துப்போன பம்பருக்கும் கருப்பு ஓரப் பட்டைகளுக்கும் இதே கதை, ஒரு வித்தியாசத்தோடு. வெயில் அந்த பிளாஸ்டிக்கின் மேல்தோலையே அரித்திருக்கும். சாதாரண எண்ணெய்ப் பூச்சு சில நாள் கருப்பாகக் காட்டும், மழையில் போய்விடும். இறுகிப் படியும் செராமிக் வகைப் பூச்சு பல மாதம் நிற்கும். ஆனால் பெயின்ட்டில் பட்டு உலர்ந்தால் எடுப்பது பெரும்பாடு. ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஸ்டியரிங், பெடல், பைக் சீட் ஆகியவற்றில் எந்தப் பாலிஷும் வேண்டாம்.

இனி ஆபத்துக்கு வருவோம். பட்டன் மேல் பட்ட பாலிஷ் சாலைப் பிடிப்பைக் குறைக்கும். காருக்கே கெடுதல் என்றால் பைக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளைவில் பைக் சாயும்போது டயரின் ஓரம்தான் சாலையைத் தொடும்; பையன் தடவியது சரியாக அந்த ஓரத்தில். பைக் டயருக்கு பாலிஷ் வேண்டாம் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுவது நல்லது. பட்டுவிட்டால் ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், கழுவும்வரை வேகம் வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் தெறித்திருந்தால் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். பேடு எண்ணெய் குடித்திருந்தால் மாற்றுவதே வழி.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு கவனம். லூஸில் வாங்கிய பாலிஷைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். கரைப்பான் கலந்ததைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய்க்குச் சொல்வதேதான்: திரும்ப வரும்போது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பாலிஷ் சின்னப் பொருள்தானே, இதற்கெல்லாமா புகார் என்று விட்டுவிடுகிறோம். சட்டம் அப்படி விடவில்லை. பாக்கெட்டில் வரும் எதிலும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் வருடமும், புகார் செய்ய வேண்டிய தொடர்பு விவரம் இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள். இவை இல்லாத கேனை வாங்காமலிருப்பதே பாதிப் பாதுகாப்பு. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கடைக்காரர் பில்லில் அச்சடித்துவிட்டால் மட்டும் குறையுள்ள பொருள் விஷயத்தில் உங்கள் உரிமை போய்விடாது. ஒரு வருடம் நிற்கும் என்று விளம்பரம் செய்து ஒரு வாரத்தில் போனால், பூசிய நாளிலும் போன நாளிலும் எடுத்த போட்டோ, பில், காலி பாட்டில் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பாலிஷால் வண்டியோ உடம்போ சேதப்பட்டிருந்தால் இழப்பீடும் கேட்கலாம்.

இந்த மினுக்கு அதிகம் ஏமாற்றும் இடம் செகண்ட் ஹேண்ட் வண்டிச் சந்தை. ஏழெட்டு வயதான டயரின் நுண்வெடிப்பை இரண்டு சொட்டுப் பாலிஷ் மறைத்துவிடும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் உள்பக்கத்தில் அச்சாகியிருக்கவும் கூடும், குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் அது மொட்டை டயர், காருக்கு 1.6 மில்லிமீட்டர்தான் எல்லை. டீலரிடம் வாங்கினால் மறைத்து விற்றதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தனிநபரிடம் வாங்கினால் அந்த வழி பொதுவாக இல்லை. அங்கே பணம் கைமாறும் முன்பே ஈரத்துணி வேலையை முடித்துவிட வேண்டும்.