கை மாறுது போன்... கண்ணைத் தொறந்து வாங்குங்க!

"மச்சி, ஒரு போன் வந்திருக்குடா. பதினாறாயிரம் ரூபா போன், ஆறாயிரத்துக்குத் தர்றாரு. பாக்ஸ் இல்ல, பில் இல்ல. ஆனா பீஸ் புதுசு மாதிரி இருக்கு. இன்னிக்கே எடுத்தாத்தான் உண்டு!"

ஹாஸ்டல் வராண்டாவில் இந்த வசனத்தைக் கேட்காத ஆளே இருக்க முடியாது. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு, வீட்டில் மெஸ் பீஸோட சேர்த்து அனுப்பின காசு, எல்லாம் பாக்கெட்டில் துடிச்சுக்கிட்டு இருக்கும். போனைக் கையில் வாங்கியதும் நாம என்ன பண்றோம்? ஸ்க்ராட்ச் இருக்கான்னு ஒரு திருப்பு. கேமராவில் ஒரு செல்ஃபி. கேம் ஓடுதான்னு ஒரு டெஸ்ட். டீல் ஓகே!

இங்கதான் பாஸ் சறுக்குறோம். போன் எப்படி இருக்கு என்பது ரெண்டாவது கேள்வி. போன் யாரோடது என்பதுதான் முதல் கேள்வி. ஸ்க்ராட்ச் விழுந்த போனை வச்சு ரெண்டு வருஷம் ஓட்டிடலாம். அடுத்தவர் பறிகொடுத்த போனை வச்சு ரெண்டு நாள்கூட நிம்மதியா ஓட்ட முடியாது.

ஜாதகம் பாருங்க!

ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் ஒன்று இருக்கு. ரெண்டு சிம் போன் என்றால் ரெண்டு எண். *#06# என்று டயல் பண்ணினால் திரையில் வந்து நிற்கும். அந்த எண்ணும், செட்டிங்ஸில் இருக்கும் எண்ணும், பாக்ஸிலும் பில்லிலும் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இருக்கணும். ஒரு இலக்கம் இடித்தாலும் எழுந்து வந்துடுங்க.

இந்த எண் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. முறையான ஐ.எம்.இ.ஐ. இல்லாத போன்களுக்கு 2009 கடைசியிலேயே நம்ம நாட்டில் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது அரசு. அதன் பிறகு, 2023 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தைக் கொண்டுவந்தது. போனைத் தொலைத்தவர் போலீஸ் புகார் நகலை வைத்து, அங்கே தன் போனை முடக்கச் சொல்லலாம். அப்படி முடக்கிய போனில் யாராவது சிம் போட்டால், அந்தத் தகவல் பதிவாகி போலீஸ் வரைக்கும் போகும். அந்த சிம் யாரோடது? உங்களோடது. அந்த சிம்முக்கு நீங்க கொடுத்த அட்ரஸ்? உங்க அப்பா அம்மா இருக்கிற வீடு. இப்போ புரியுதா?

செக் பண்ண காசு செலவில்லை. சஞ்சார் சாத்தியில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நெட் இல்லையா? எஸ்.எம்.எஸ்.ஸில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அப்புறம் அந்த 15 இலக்கம். 14422-க்கு அனுப்புங்க. 'முடக்கப்பட்டது' என்றோ 'போலி எண்' என்றோ பதில் வந்தால் பேச்சே வேண்டாம். பதிலில் வரும் கம்பெனியும் மாடலும் கையில் இருக்கும் போனோடு ஒத்துப்போகுதா என்றும் பாருங்க. ஒத்துப்போகலைன்னா எண்ணில் யாரோ விளையாடியிருக்காங்க.

"எனக்குத் தெரியாது சார், காசு கொடுத்துத்தான் வாங்கினேன்" என்று சொல்லித் தப்பிக்கலாமா? 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவரை மட்டும் சொல்லவில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவரையும் சேர்த்தே சொல்கிறது. மூன்று வருஷம் வரை சிறை கிடைக்கலாம். பதினாறாயிரம் போன் பில் இல்லாமல் ஆறாயிரத்துக்கு வந்தால், அதுவே ஒரு காரணம்தானே!

பூட்டு திறந்திருக்கா?

போன் நல்ல போன்தான். வாங்கி, ரீசெட் பண்ணி, ஆன் பண்ணினால் பழைய ஓனரின் கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். பாஸ்வேர்டு இல்லைன்னா அது செங்கல். ஆண்ட்ராய்டில் 2015 முதலே இந்தப் பாதுகாப்பு உண்டு. ஐபோனில் 2013-ல் இருந்து 'ஆக்டிவேஷன் லாக்'.

வழி சிம்பிள். விற்கிறவர் உங்க கண் முன்னாடியே செட்டிங்ஸுக்குள் போய்த் தன் கணக்கை நீக்கணும். பிறகு ரீசெட். அப்புறம் வைஃபை போட்டு, முதலில் இருந்து செட்டப் பண்ணி, முகப்புத் திரை வரும் வரை பாருங்க. "ரீசெட் ஆல்ரெடி பண்ணிட்டேன், வீட்ல போய் ஆன் பண்ணிக்கங்க" என்பார் சிலர். ம்ஹூம்!

இன்னொரு பூட்டும் இருக்கு. தவணையில் வாங்கிய போன்களில் சிலவற்றில், தவணை கட்டலைன்னா போனையே பூட்டிவிடும் ஆப் இருக்கும். "இ.எம்.ஐ. பாக்கி இருக்கா?" என்று நேராகவே கேளுங்க. முடிந்ததற்கான ரசீதைக் காட்டச் சொல்லுங்க.

'அமெரிக்கா பீஸ்' என்று ஐபோன் வந்தால், அங்கே விற்ற 14 வரிசை முதல் (2022) சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும். செட்டிங்ஸில் 'கேரியர் லாக்' என்ற இடத்தில் தடை எதுவும் இல்லை என்று காட்டுதா என்றும் பார்த்துடுங்க.

பத்து நிமிஷ பரிசோதனை

இப்போதான் ரெண்டாவது கேள்வி: போன் எப்படி இருக்கு? கூட ஒரு நண்பர், உங்க சிம், ஒரு சார்ஜர், ஹெட்செட், சிம் குத்தும் ஊசி... இதெல்லாம் எடுத்துக்கிட்டு, பகல் வெளிச்சத்தில் போங்க.

* திரை: வெள்ளைப் படம் ஒன்றை முழுசாகத் திறந்து பாருங்க. கோடு, கரும்புள்ளி, மஞ்சள் திட்டு தெரியும். ஒரு ஐகானை விரலால் பிடித்து மூலைக்கு மூலை இழுங்க. எங்கே கழன்றுவிடுதோ அங்கே டச் வேலை செய்யலை. பெரும்பாலான சாம்சங் போன்களில் *#0*# என்று போட்டால் டெஸ்ட் மெனுவே வரும்.

* கால்: உங்க சிம் போட்டு நண்பருக்குப் பேசுங்க. காதில் வச்சு, ஸ்பீக்கரில், ஹெட்செட்டில் என மூன்று விதமாகவும். காதில் வச்சதும் திரை அணையணும்.

* சார்ஜ்: சார்ஜர் பின்னை லேசாக ஆட்டினால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறுதா? உஷார்!

* பேட்டரி: பத்து நிமிஷம் வீடியோ ஓட விடுங்க. சதவீதம் மளமளன்னு இறங்கினாலும், முதுகு கொதித்தாலும் புது பேட்டரி செலவை விலையில் கழிங்க. ஐபோனில் பேட்டரியின் ஆரோக்கியத்தை செட்டிங்ஸிலேயே சதவீதத்தில் பார்க்கலாம். பின்பக்கம் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும்.

* தண்ணி: ஐபோனில் சிம் டிரேயைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்க. சின்ன அடையாளம் ஒன்று இருக்கும். சிவப்பாக இருந்தால் போன் குளித்திருக்கு என்று அர்த்தம்.

* வயசு: செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதி என்ன? அப்டேட் நின்று வருஷக்கணக்கில் ஆன போனில் ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் வச்சுக்கிறது கதவில்லாத வீட்டில் பீரோ வச்ச மாதிரி.

காசு கொடுக்கும் முன்...

சென்னை ரிச்சி தெருவோ, உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் கடையோ, பில் போட்டு, சின்னதாக வாரன்ட்டியும் தர்ற கடை என்றால் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் லாபம்தான். தனி ஆளிடம் வாங்கினால் ஒரிஜினல் பில், அவருடைய அடையாள அட்டை நகல், அதில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு 'இன்ன தேதியில், இன்ன விலைக்கு விற்றேன்' என்று ரெண்டு வரி, கையெழுத்து. பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சி. நேர்மையான ஆள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், உங்க செக்கிங் பலிச்சிடுச்சுன்னு அர்த்தம்! "அட்வான்ஸ் போடுங்க, கூரியர்ல வரும்" என்றால் போன் வராது, அனுபவம்தான் வரும்.

கடைசியா ஒண்ணு. அந்த ஆறாயிரம் ரூபா போன், நேத்து பஸ்ஸில் புட்போர்டில் நின்ற உங்களை மாதிரி ஒரு ஸ்டூடண்ட் பையிலிருந்து போயிருக்கலாம். பிராஜெக்ட் பைலும், பாட்டியோட கடைசி போட்டோவும் அதில் இருந்திருக்கலாம். கேள்வி கேட்காமல் வாங்க ஆள் இருக்கிற வரைக்கும்தான் பறிக்கவும் ஆள் இருப்பாங்க. வாங்க ஆளில்லைன்னா அந்தக் கடையே காலி.

ஆகவே மச்சிகளே, போனைக் கையில் வாங்கினதும் செல்ஃபி வேண்டாம். முதலில் *#06#!